நிலவறை மேல் பழி போடாதீர்கள்

கேரட்டை ஆப்பிள் இருக்கும் அறையில் வைத்தால் கசந்துவிடும். இது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆப்பிள் பழுக்கும்போது ஒரு வாயுவை விடுகிறது. அது கேரட்டைக் கசக்க வைக்கும், முட்டைக்கோஸின் இலையை உதிர வைக்கும். எந்தத் தோட்டப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது இருக்கும். எங்கள் தோட்டத்துக்காரர்களிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

உங்கள் காபி ஆறுகிறது, குடியுங்கள். நான் வந்தது என் தோழி எல்வியின் சாவைப் பற்றிச் சொல்லத்தான். ஆனால் அதற்கு முன்னால் நிலவறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திங்கட்கிழமை நகராட்சி லாரி வந்து அதைச் சரளைக் கல்லால் நிரப்பப் போகிறது. ஆபத்தான கட்டுமானம் என்று பொறியாளர் எழுதிவிட்டார். அந்த மனிதர் படி இறங்கிப் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். எங்கள் தோட்டச் சங்கத்தாரும் கூடி, சரி, மூடிவிடலாம் என்று கை தூக்கிவிட்டார்கள். எதிர்த்துத் தூக்கியது என் கை ஒன்றுதான். அதனால்தான் பஸ் பிடித்து உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நம் தாம்பெரே நகரத்தில் ஏரிப் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் முன்பு ஒன்றும் இருக்கவில்லை. உடைந்த செங்கல்லும் முள்புதரும்தான். நான் பள்ளியில் சமையல் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற வருடம், நாங்கள் சில பேர் சேர்ந்து நகராட்சியிடம் அந்த நிலத்தை வாங்கினோம். பெர்மாகல்ச்சர், அதாவது நிலத்தின் போக்கிலேயே பயிர் செய்யும் முறை என்றால், முதல் வருடம் எதிலும் கை வைக்கக்கூடாது. பனி எங்கே முதலில் உருகுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, முயல் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் மே மாதமே மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். நான் விடவில்லை. ஒரு வருடம் பார்த்தோம். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் ஆப்பிள் மரங்கள் உறைபனியில் சாகாமல் நிற்கின்றன. அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நிலவறையைத் தல்கோவில் கட்டினோம். உங்களுக்குத் தல்கோ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை: எல்லோரும் கூடிச் செய்யும் வேலை, கூலி கிடையாது, வரமாட்டேன் என்று சொல்லும் வழக்கமும் கிடையாது, வேலை முடிந்தால் சூப். மூன்று கோடைகள் சரிவைக் குடைந்தோம். இடித்த ஆலையின் கருங்கல்லைக் கேட்டு வாங்கி வந்தோம். கூரைமேல் பிர்ச் மரப்பட்டையை அடுக்கடுக்காகப் போட்டு, அதன் மேல் மண், அதன் மேல் புல். பட்டை அடுக்கியது நானும் எல்வியும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கியதில்லை. குளிர்காலம் முழுக்க வெளியே ஏரி உறைந்து கிடக்கும். உள்ளே கேரட் ஈர மணலில் படுத்திருக்கும், முட்டைக்கோஸ் வேரோடு தலைகீழாகத் தொங்கும். ஏப்ரலில்கூட நான் அங்கிருந்து பீட்ரூட் எடுத்துப் போவேன்.

காற்றுக்குழாய் இரண்டு. கீழே தரையை ஒட்டி ஒன்று, அது குளிர்காற்றை உள்ளே விடும். மேலே கூரையில் ஒன்று, அது சூட்டை வெளியேற்றும். இலையுதிர் காலத்தில் இரண்டையும் திறந்து வைக்க வேண்டும், அப்போதுதான் அறை குளிரும். ஜனவரி மாதக் கடுங்குளிர் வந்த பிறகுதான் கந்தல் துணியும் பாசியும் வைத்து அடைப்போம், கிழங்கு உறையாமல் இருக்க. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதாமல் தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள்.

எல்வியை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். நகரப் பேருந்து ஓட்டினவள். குரல் அப்படி, சரிவின் அடியில் நின்று சிரித்தால் மேலே சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சனிக்கிழமைதோறும் நாங்கள் இரண்டு பேரும் சௌனாவின் நீராவிச் சூட்டில் ஒன்றாக உட்கார்ந்திருப்போம். பேசாமலே உட்கார்ந்திருக்க முடிகிற ஆள் எனக்கு அவள் ஒருத்திதான். அவள் செத்துப்போனதில் எனக்கு எவ்வளவு துக்கம் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை, அது என் சொந்த விஷயம்.

ராஸ்முஸ் பிறகு வந்தான். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனியில் வேலை, இரண்டு சிறு பிள்ளைகள், எப்போதும் சிரித்த முகம். கோடையில் இரண்டு வாரப் பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தவன். நல்லவன்தான். எல்லோருக்கும் அவனைப் பிடித்தது. எனக்கும் ஆரம்பத்தில் பிடித்தது. அடுத்த கூட்டத்திலேயே அவனைத் தலைவராக்கிவிட்டார்கள், நிலவறைச் சாவியும் அவன் கைக்குப் போயிற்று.

முதல் வேலையாக உள்ளே மின்விளக்கு போட்டான். அதுவரை நாங்கள் மெழுகுவர்த்தி லாந்தரைத்தான் முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்குவோம். சுடர் தடுமாறினால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது, உடனே மேலே ஏறிவிட வேண்டும். நான் அதைச் சொன்னபோது, கூடியிருந்தவர்கள் முன்னால் ராஸ்முஸ் சொன்னான்: “சைமா, நாம எலியாட்டம் வளையிலயா இருக்கோம்? சுவிட்ச போட்டா லைட்டு எரியுது. இதுல என்ன கூடாதுன்றீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் ‘கூடாதம்மா’ என்று பெயர். மறைவாக இல்லை, முகத்துக்கு நேராகவே. “கூடாதம்மா வர்றாங்க, எல்லாரும் நேரா நில்லுங்க” என்பான். அதில் வன்மம் இல்லை, நான் ஒத்துக்கொள்கிறேன். வன்மம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வேடிக்கைக்கு என்ன பதில் சொல்வது? லாந்தர் கருவிக் கொட்டகையில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

அடுத்து ஆப்பிள். நம் ஊரில் செப்டம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு வாசலில் பெட்டி பெட்டியாக ஆப்பிளை வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிப் போடுவார்கள். ராஸ்முஸ் தள்ளுவண்டியோடு ஊரெல்லாம் சுற்றி அதைக் கொண்டுவந்தான். வீணாகிற பழத்தைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான். பிழிந்து சாறு எடுத்தார்கள். சாறு மிஞ்சியது. பெரிய பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, சைடர் மது ஆகட்டும் என்று நிலவறையில் கொண்டுபோய் வைத்தார்கள். மிச்சப் பழமும் அங்கேயே. என் கேரட் மணல் பெட்டிகளை ஓர் ஓரமாக நகர்த்திவிட்டு.

நான் சொன்னேன். பழத்தின் வாயு கேரட்டைக் கெடுக்கும் என்றேன். நொதிக்கிற சாறு விடும் வாயு வேறு ஜாதி, அது கனமானது, கதவைத் திறந்து வைத்தாலும் மேலேறி வராது, பள்ளத்துத் தண்ணீர் போல அடியில் கிடக்கும், அதில் மூச்சு விட்டால் மனிதன் இரண்டு அடி நடக்க மாட்டான் என்றும் சொன்னேன். நான் பாடம் நடத்தினவள், புரியும்படிதான் சொல்லியிருப்பேன். குழாய் ரெண்டும் திறந்துதானே இருக்கு, காத்து போகுதே என்றான் ராஸ்முஸ். அது உண்மைதான். குழாய் திறந்திருக்கும்வரை ஒரு ஆபத்தும் இல்லை, ஜனவரியில் அடைப்பதற்குள் நொதிப்பும் அடங்கிவிடும். நிலவறை அவ்வளவு சரியாகக் கட்டப்பட்டிருந்தது.

பிப்ரவரியில் என் கேரட் கசந்துபோயிருந்தது. ஒரு பெட்டி இல்லை, எல்லாப் பெட்டியும். சரிவில் கோடை முழுக்க மூடாக்கு போட்டு, களை எடுத்து, மணல் சலித்து அடுக்கின கேரட். ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் மேசைமேல் வைத்தேன். ராஸ்முஸ் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

“கொஞ்சம் கசக்குது. ஆனா ஏதாவது தொட்டுக்கிட்டா தெரியாது சைமா.”

ஏதாவது தொட்டுக்கொண்டால் தெரியாதாம். அன்று வீட்டுக்குப் போய் அந்தக் கேரட்டை எல்லாம் வேகவைத்து உட்கார்ந்து தின்றேன். கசப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது, கேரட்டுக்காகத்தான். என் கணவர் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

இந்த வருடம் செப்டம்பர் கூட்டத்தில் நான் முறைப்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: நிலவறையில் மது நொதிக்க வைக்கக்கூடாது. கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன். எல்வி கம்பளிப் பின்னலில் கண்ணாக உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது, ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளும் கையைத் தூக்கினாள்.

வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினாள். “விடு சைமா. சின்னதுங்க, ஏதோ ஆசைப்படுதுங்க. ஒரு மூலையத்தான கேக்குறாங்க, ஒன் பீட்ரூட்டையா கேட்டாங்க?”

“கேரட்டு?” என்றேன்.

“கேரட்டக் கடையில வாங்கிக்கலாம், போ.”

எனக்கு எல்வி மேல் கோபம் இல்லை. ஓட்டு அவரவர் உரிமை. அந்த வாரம் சௌனாவுக்கு நான் போகவில்லை என்பது நிஜம், ஆனால் எனக்குச் சளி பிடித்திருந்தது.

தீர்மானம் தோற்றது, இந்த வருடக் குடுவைகளும் நிலவறைக்குப் போயின. அதற்குப் பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். சொல்லிப் புரியாதவர்களுக்குப் பட்டுத்தான் புரியும் என்று தோன்றியது. பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கும்போதும் அப்படித்தான். சூடான சட்டி என்று நூறு தடவை சொல்வதைவிட ஒரு தடவை விரல் பட்டால் போதும். அக்டோபரில் தல்கோ வைத்திருந்தார்கள்: பூண்டு ஊன்ற, இலைகளை வாரி மூடாக்கு போட, மிச்ச ஆப்பிளைப் பிழிய. அன்று நிலவறையைத் திறந்து முதலில் இறங்கப்போவது ராஸ்முஸ்தான், சாவி அவனிடம்தான் இருக்கிறது. இறங்கட்டும். தலை கிறுகிறுக்கட்டும். எல்லோருக்கும் முன்னால் தடுமாறிக்கொண்டு மேலே வரட்டும். அப்போது யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

எனவே அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு காலை நேரம் சரிவுக்குப் போய்க் குழாய்களை அடைத்தேன். கீழ்க்குழாயில் பாசி. மேல்குழாயில் என் கணவரின் பழைய கம்பளிக் காலுறைகள். நன்றாக, ஒரு விரல்கூட நுழையாதபடி. அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை. பிறகு சங்கத்தாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: பகலில் வெயில் அடிக்கிறது, தல்கோ வரை நிலவறையைத் திறக்காதீர்கள், சூடு உள்ளே போய்விடும் என்று. அந்த வாரம்தான் முதல்முறையாக எல்லோரும் என் பேச்சைக் கேட்டார்கள்.

உங்கள் அறிக்கையை நான் செய்தித்தாளில் படித்தேன். உறைபனிக்குப் பயந்து அனுபவமில்லாத உறுப்பினர் யாரோ குழாயை அடைத்திருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அக்டோபரில் யார் குழாயை அடைப்பார்கள்? அடைத்தால் அறை சூடாகும், சூடானால் சாறு இன்னும் வேகமாக நொதிக்கும். நிலவறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் யாரையும் கேட்கவில்லை. ராஸ்முஸ் மேல் வழக்கு வரும் என்கிறார்கள், கவனக்குறைவாம். அது உங்கள் பாடு, அவன் பாடு.

தல்கோ அன்று நல்ல வெயில். நிலவறைக்கு எதிரே கல் அடுப்பில் நான் சூப் வைத்திருந்தேன். ராஸ்முஸ் வந்து பூட்டைத் திறந்தான், கதவை விரியத் தள்ளினான், கையை உள்ளே விட்டுச் சுவிட்சைப் போட்டான், அப்படியே திரும்பிப் போய்ப் பழம் பிழியும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டான். படி இறங்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நானே கூப்பிட வேண்டியதாயிற்று.

“ராஸ்முஸ், சூப்புக்கு டர்னிப் பத்தாது. உள்ள போயி நாலு எடுத்துட்டு வா.”

“இதோ வரேன் சைமா. கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, கழுவிட்டு வந்துர்றேன்.”

இலை வாரிக்கொண்டிருந்த எல்வி வாருகோலைக் கீழே போட்டாள். “நீ கழுவி முடிக்கிறதுக்குள்ள சூப்பு பாயசமாயிடும். இரு, நான் போறேன். எனக்கும் இடுப்ப நிமித்தணும்.”

கூடையை எடுத்துக்கொண்டு புல்லைக் கடந்து போனாள். நீலச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிட்டால், ஏன் என்று கேட்பார்கள். குழாய் அடைத்திருக்கிறது என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். ராஸ்முஸ் தொட்டியடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தான், எல்லாம் அவன் காதில் விழும். எல்வி கெட்டிக்காரி, மூச்சு முட்டினால் திரும்பி வந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். சூப் அடிப்பிடிக்கிற நிலையில் இருந்தது. கிண்டினேன்.

சற்றுப் பொறுத்து ராஸ்முஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “எல்வி எங்க?” என்றான். உள்ளே என்றேன். கதவுக்குப் போய்க் கூப்பிட்டான். பதில் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினான். அவனாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு போனான், நீச்சல்காரன் என்கிறார்கள். சட்டைக் காலரைப் பிடித்து அவளைப் படி படியாக இழுத்து வந்து புல்லில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே குப்புற விழுந்து வாந்தி எடுத்தான். ஆம்புலன்ஸ் வந்தது. எல்வி அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். கூடை உள்ளேயே கிடந்தது.

ராஸ்முஸ் குழந்தை போல அழுதான். “என் சைடருதான் எல்விய கொன்னுடுச்சு சைமா, நீங்க அப்பவே சொன்னீங்க, நான்தான் கேக்கல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் நான் கேட்க விரும்பிய வார்த்தை அது. ஆனால் கேட்டபோது மனசுக்கு ஒன்றுமே செய்யவில்லை. கையை உருவிக்கொண்டேன். சூப்பை யாரும் குடிக்கவில்லை, உரக்குழியில் கொட்டினேன்.

மது எல்லாவற்றையும் அவர்களே எடுத்து ஊற்றிவிட்டார்கள். இனி யாரும் அங்கே குடுவை வைக்கமாட்டார்கள். நான் கேட்டது அதுதான், அது நடந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நிலவறையையே மூடுவோம் என்றால் என்ன நியாயம்? என் கேரட் பெட்டிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன, நீங்கள் ஒட்டின நாடாவுக்குப் பின்னால். இந்த வருடக் கேரட் இன்னும் கசந்திருக்காது.

நீங்கள் பேனாவை மூடுகிறீர்கள். இருங்கள், ஒன்று விட்டுப்போயிற்று. வாயே திறக்கவில்லை என்பதுபோல நான் சொல்லிவிட்டேன், அது சரியில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. நிலவறையில் இறங்குகிறவர் முதல் படியில் நின்று, குழாய் திறந்திருக்கிறதா என்று குரல் கொடுப்பார். வெளியே இருக்கிற ஒருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் யாரும் இறங்குவதில்லை. மின்விளக்கு வந்த பிறகு மற்றவர்கள் எல்லாம் அதை விட்டுவிட்டார்கள். எல்வி மட்டும் விடவில்லை. அன்றும் முதல் படியில் நின்று, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்து அந்தப் பஸ் டிரைவர் குரலில் கேட்டாள்.

“சைமா, கொழாய் தொறந்திருக்கா?”

ராஸ்முஸ் தொட்டியடியில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் சூப்பிலிருந்து கரண்டியை எடுக்காமலே சொன்னேன்.

“தொறந்திருக்கு எல்வி, போ.”

அவள் என் வார்த்தையை நம்பித்தான் இறங்கினாள். இதில் நிலவறையின் குறை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.